ஒரே கேபினெட்டில் இரண்டு 1080 டிஐ: ஆறு மாத அனுபவம்

திருவல்லிக்கேணியில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எப்போதாவது யாராவது சொந்தச் செலவில் போடும் கவிதைத் தொகுப்பு. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு மாடியேறினால் அங்கே இன்னொரு கம்ப்யூட்டர். அதில் எந்தப் பத்திரிகையும் அடிப்பதில்லை, விளையாட மட்டும்தான். அதில் ஏற்கெனவே இருந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டுக்கு (விளையாட்டின் படங்களைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு அது) துணையாக, 2025 பிப்ரவரியில் இன்னொரு 1080 டிஐயைப் பழையதாக வாங்கி மாட்டினேன். ஆகஸ்ட்டில் கழற்றிவிட்டேன். நடுவில் நடந்ததுதான் இந்த விமர்சனம்.

இது இருபது வருட ஆசை. 2005இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பத்து ரூபாய்க்குப் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு முழுப்பக்கப் படம்: ஒரு மதர்போர்டு, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், இரண்டையும் இணைக்கும் சிறிய பச்சைப் பட்டை. என்விடியா அப்போதுதான், 2004இல், இரண்டு கார்டுகளை ஒன்றாக உழைக்கவைக்கும் முறைக்கான எஸ்எல்ஐ என்ற பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தது. அந்த மூன்றெழுத்து அவர்களுடைய சொந்தச் சரக்கு அல்ல. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி வூடூ2 கார்டுகளை இரட்டையாகப் போட்டு, திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும்படி செய்தபோது வைத்த பெயர். அந்தக் கம்பெனி நொடிந்துபோய், அதன் சொத்துகளை என்விடியா வாங்கியதில் பெயரும் கூடவே வந்துவிட்டது. விரிவாக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து விளையாடுகிறவனுக்கு அந்தப் படம் பென்ஸ் கார் மாதிரி.

ஆகவே, நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் ரிச்சி தெருவுக்குப் போய் எட்டு வருடப் பழைய மாடலைக் கேட்டு நின்றதைக் காரணத்தோடு நடந்த காரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரிச்சி தெருவில் பழைய கார்டு விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். அவரிடம்தான் முதலில் கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "சார், ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். மேலே இருபதாயிரம் போடுங்கள். 3080 ஒன்று நல்ல நிலையில் வந்திருக்கிறது, எடுத்துப் போங்கள்" என்றார். நான் இரண்டு கார்டு என்று சொன்னதும், "இரண்டு மாட்டி என்ன செய்யப் போகிறீர்கள்? இப்போது யார் சார் மாட்டுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு டீ வரவழைத்தார். அந்த டீயோடு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவரிடம் 1080 டிஐ இல்லை என்பதால் இரண்டு சந்து தள்ளி வேறொரு கடையில் வாங்கினேன். 13,500 ரூபாய், பத்து நாள் டெஸ்டிங் வாரண்டி.

அந்தக் கடையின் பெயர் வேண்டாம். "ஒரே ஆள் வீட்டில் விளையாடிய கார்டு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. விசிறி இறக்கைகளின் பின்புறம் மொத்தமும் ஒட்டுப் பிசுக்கு. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதோடு கிராபிக்ஸ் கார்டை வைத்து அதைத் தோண்டுகிற தொழில் படுத்துவிட்டது. அதில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் பிறகு இப்படி "வீட்டில் விளையாடியவை" ஆகிவிட்டன. புதுப் பேஸ்ட் தடவி, தூசியைத் தட்டி ஓட்டினேன். ஓடியது. அதனால் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்தது பிரிட்ஜ். இரண்டு கார்டுகளின் தலையையும் சேர்த்துக் கட்டும் பாலம் அது. மதர்போர்டோடு வந்த பழைய வளையும் பட்டை போதாது; 4கே திரைக்கு இரட்டைப் பட்டையுள்ள ஹை பேண்ட்வித் (HB) பிரிட்ஜ் வேண்டும். ரிச்சி தெருவில் தொடங்கி மீரான் சாகிபு தெரு வரை கடை கடையாக "எஸ்எல்ஐ பிரிட்ஜ் இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒரு கடையில் கல்லாவில் இருந்த பையன் மிகுந்த மரியாதையோடு, "இங்கே கம்ப்யூட்டர் சாமான் மட்டும்தான் சார். பிரிட்ஜ், வாஷிங் மெஷினெல்லாம் தி.நகரில் பாருங்கள்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பொருள் கடைகளில் நின்றுபோனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். கடைசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் கூரியரில் அனுப்பினார், 1,400 ரூபாய்.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒரு 1080 டிஐ முழுவீச்சில் 250 வாட் இழுக்கும். என்னுடைய 650 வாட் பவர் சப்ளை இரண்டைத் தாங்காது. 850 வாட் புதிது 9,800 ரூபாய். கேபினெட்டுக்கு மூன்று விசிறி 1,800. ஆக, 13,500 ரூபாய் கார்டுக்காக 26,500 ரூபாய் இறங்கியது. மதர்போர்டு இசட்370, பிராசசர் ஐ7-8700கே என்பதால் அந்தச் செலவு மட்டும் தப்பியது. பி வரிசை மதர்போர்டாக இருந்திருந்தால் அதையும் மாற்றியிருக்க வேண்டும்; இரண்டு நீள ஸ்லாட் கண்ணுக்குத் தெரிந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை எஸ்எல்ஐக்கு ஒத்துவராது.

முதல் நாள் இரவு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேபினெட்டின் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் பார்த்த அதே அடுக்கு. "என்னங்க, எதற்கு இப்படி சாமி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ஷேடோ ஆஃப் தி டூம் ரைடரை முதலில் போட்டேன். 2018 விளையாட்டு, இரண்டு கார்டுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று அதை எழுதியவர்களே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 4கேயில், தரத்தை உச்சத்தில் வைத்து, உள்ளேயே இருக்கும் சோதனையை ஓட்டினால் ஒற்றைக் கார்டுக்கு நொடிக்கு 43 பிரேம் (அதாவது 43 படங்கள்), இரண்டுக்கும் சேர்த்து 78. மறுபடி ஓட்டினேன், அதே 78. காட்டுக்குள் ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான் என்பதால் 60க்கு மேலே உள்ளதெல்லாம் என் கண்ணுக்கு வரவே வராது என்பது வேறு விஷயம். அந்த ஒரு வாரம் பாய் சொன்னது தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் சைபர்பங்க் 2077. கார்டுகளின் வேலையளவைத் திரையின் மூலையில் காட்டும்படி வைத்திருந்தேன். மேல் கார்டு 99 சதவீதம். கீழ் கார்டு பூஜ்யம். அடுத்து எல்டன் ரிங்: பூஜ்யம். அடுத்து பால்டர்ஸ் கேட் 3: பூஜ்யம். கல்யாண வீட்டில் ஒருத்தர் மட்டும் பந்தி பரிமாறிக்கொண்டிருக்க, இன்னொருத்தர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார் இல்லையா, அந்த மாதிரி.

ஏன் இப்படி என்பதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் இரண்டு ஆபரேட்டர்களை உட்காரவைத்து, ஒற்றைப்படைப் பக்கங்கள் உனக்கு, இரட்டைப்படைப் பக்கங்கள் உனக்கு என்று பிரித்துக் கொடுக்கலாம். எஸ்எல்ஐ, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கிராஸ்ஃபயர் இரண்டும் பெரும்பாலும் செய்தது இதைத்தான்: ஒரு பிரேம் இதற்கு, அடுத்த பிரேம் அதற்கு. ஆனால் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் பிரதியின் முழு நகல் ஒன்றொன்று வேண்டும். அதனால்தான் 11 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் நினைவகம் 22 ஜிபி ஆவதில்லை. ஒரே சரக்கு இரண்டிலும் கிடக்கிறது, பயன்படுவது 11தான். என்னிடம் இதை வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். எனக்கு வாங்கும்போது மட்டும் மனக்கணக்கு 22 என்றே ஓடியது.

பெரிய சிக்கல் அடுத்தது. பக்கங்கள் தனித்தனியாக இருந்தவரைதான் இந்தப் பங்கீடு நடக்கும். ஆறாம் பக்கம் எங்கே தொடங்க வேண்டும் என்பது ஐந்தாம் பக்கம் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது என்றால், இரண்டாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இன்றைய விளையாட்டுகள் அப்படித்தான் ஆகிவிட்டன. ஓரங்களின் பிசிறை நீக்குவதற்கு, நிழலையும் ஒளியையும் சீராக்குவதற்கு என்று எல்லாவற்றுக்கும் முந்தைய பிரேமின் படத்தை எடுத்துப் பார்த்துத்தான் புதிய பிரேமை வரைகின்றன. முந்தைய பிரேமோ பக்கத்துக் கார்டில் இருக்கிறது. அதை அங்கிருந்து இழுத்து வருவதற்குள் மிச்சமான நேரம் போய்விடுகிறது.

விளையாட்டு கார்டோடு பேசும் மொழியான டைரக்ட்எக்ஸ் 11 காலம் வரை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுகிறவர்களே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாகக் குறிப்பு எழுதி இதை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டும் வந்த பிறகு அந்தப் பொறுப்பு விளையாட்டை எழுதுகிறவர்கள் தலைக்குப் போய்விட்டது. ஆயிரத்தில் ஒருவன் வைத்திருக்கும் இரண்டாவது கார்டுக்காக எந்த நிறுவனம் மாதக்கணக்கில் ஆள் போடும்? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற சிலவற்றில் செய்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏஎம்டி 2019இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 5700இலேயே கிராஸ்ஃபயரைக் கைவிட்டது. என்விடியா 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும் இணைப்பு முனையை விட்டுவைத்து, 4090இல் அதையும் எடுத்துவிட்டது. பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ குறிப்புகள் எழுதுவதை 2021 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. அதாவது, நான் கல்யாணம் கட்டியது சாவு வீட்டில்.

ஜிடிஏ 5 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த அது இரண்டு கார்டையும் நன்றாகவே வேலை வாங்கியது. எண்ணைப் பார்த்தால் சராசரி 90ஐத் தொடுகிறது. ஆனால் காரை வேகமாக ஓட்டும்போது ஏதோ நெருடுகிறது. மணல் கலந்த சோறு மாதிரி. என் அக்கா மகன் அம்பத்தூரிலிருந்து வந்திருந்தான். அவனிடம் எதுவும் சொல்லாமல் விளையாடக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில், "மாமா, இது 90 மாதிரி இல்லையே" என்றான். மாலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். ஒரே எண்ணுள்ள பஸ் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. மணிக்கு நான்கு பஸ், சராசரி பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று சொன்னால் கணக்கு சரி, காத்திருந்தவன் காலுக்குத்தான் சரியில்லை. பிரேம்களும் அப்படி ஜோடி ஜோடியாக வந்தால் சராசரி உயரும், கண் ஏமாறாது. இதற்கு மைக்ரோ ஸ்டட்டர் என்று பெயர். இரண்டு கார்டு வைத்திருந்தவர்கள் பல வருடமாகப் புலம்பியது இதைத்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேறொரு செய்தி. மே மாதம், கத்திரி வெயில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை. கீழ்க் கார்டு கக்கும் சூட்டைத்தான் மேல் கார்டு மூச்சாக இழுக்கிறது. மேல் கார்டு 84 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றுகொண்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கியது. மார்ச்சில் 78 காட்டிய அதே சோதனை மே நடுவில் 71. விசிறிச் சத்தம் கடையில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினைத் தோற்கடிக்கும். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஒற்றைக் கார்டில் மொத்தம் 390 வாட், இரண்டில் 620. அந்த 620 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து விழுகிறது. ஒரு டன் ஏசி அதோடு மல்லுக்கட்டியது. என்னுடைய 1000 விஏ யுபிஎஸ் 600 வாட்தான் தாங்கும். சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் அது ஓவர்லோடு என்று கத்தத் தொடங்கியது. ஒருநாள் கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் சொருகி, கடவுள்மேல் பாரத்தைப் போட்டு விளையாடினேன்.

மின்கட்டணம்: தினம் மூன்று மணி நேரத்துக்கு 230 வாட் கூடுதல் என்றால் இரண்டு மாதத்தில் 41 யூனிட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எங்கள் வீடு வழக்கமாக 480இல் நிற்கும் வீடு. கார்டும் ஏசியும் சேர்ந்து அதை 500க்கு மேலே தள்ளிவிட்டன. 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் சல்லிசாகக் கிடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடும் என்பது தமிழ்நாட்டில் பில் கட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த பில்லை வீட்டில் என் கையில் கொடுக்கவில்லை. கீபோர்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது கார்டு நியாயமாக உழைத்த இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லாவிட்டால் பாவம். இப்போது கல்யாணப் பத்திரிகையோடு வாட்ஸாப்பில் அனுப்ப ஒரு குட்டி வீடியோவும் கேட்கிறார்கள்: கோபுரம், விளக்கு, பூ உதிர்வது. அதை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்வேன். ஒரு பத்து நொடித் துண்டு ஒற்றைக் கார்டில் ரெண்டர் ஆக, அதாவது வீடியோவாக வரைந்து முடிய, மூன்று மணி பத்து நிமிடம் ஆகும். இரண்டு கார்டில் ஒரு மணி நாற்பது நிமிடம். பிரிட்ஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த வேலையில் ஒரு கார்டின் கணக்கு மற்றொன்றுக்குத் தேவையில்லை. யாருக்காகவும் யாரும் காத்திருப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் இது எனக்குப் பணமாகத் திரும்பியது. இப்படிப்பட்ட வேலை உங்களுக்கு இருந்தால் இரண்டு கார்டு வாங்குவதைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன்.

லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கார்டு விளையாட்டை வரையும். இன்னொன்று இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஊகமாக ஒரு பிரேமைச் செய்து செருகும். மானிட்டர் கேபிளை இரண்டாவது கார்டில் சொருக வேண்டும். முயன்றேன். எல்டன் ரிங்கில் கீழ்க் கார்டு முதன்முறையாக உயிர்த்தெழுந்தது. ஆனால் வாளை வீசும்போது வீரனின் தோளோரம் கொஞ்சம் கரைகிறது. பொத்தானை அழுத்துவதற்கும் கை அசைவதற்கும் நடுவே ஒரு சிறு தயக்கம். வீட்டில் பழைய கார்டு ஏதாவது சும்மா கிடந்தால் மாட்டிப் பாருங்கள். இதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஜூலையில் பாயின் கடைக்கு வேறு வேலையாகப் போனபோது அவர் பழைய 3080 ஒன்றை ஓட்டிக் காட்டினார். 320 வாட். என் ஒற்றை 1080 டிஐயைவிட 4கேயில் முக்கால் மடங்கு கூடுதல் வேகம், அதுவும் டூம் ரைடரில் மட்டும் அல்ல, போடுகிற எல்லாவற்றிலும். குறைந்த தரத்தில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வேறு உண்டு. என்னுடைய கார்டில் இரண்டு என்ன, இருபது மாட்டினாலும் அது வராது. பிப்ரவரியில் நான் இறக்கிய 26,500 ரூபாயில் அவர் கேட்ட இருபதாயிரம் போக ஆறாயிரத்துச் சொச்சம் கையில் நின்றிருக்கும். அவர் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. டீ மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட்டில் கீழ்க் கார்டைக் கழற்றி அக்கா மகனிடம் கொடுத்தேன். அவனுடையது 4கேயைவிடத் துல்லியம் குறைந்த, சாதாரண 1080பி மானிட்டர். அதில் அந்த ஒற்றைக் கார்டு அவன் விளையாடுகிறவற்றைத் தாராளமாக ஓட்டுகிறது. அக்டோபரில் இந்த வரிசைக்குக் புது விளையாட்டுகளுக்கேற்ற கடைசி டிரைவர் (கேம் ரெடி) வந்துவிட்டது என்பதுகூட அவனுக்குக் கவலை இல்லை. என் அறையில் மறுபடி அமைதி. மேல் கார்டு 70 டிகிரியில் இருக்கிறது. ரெண்டருக்கு மட்டும் முன்பைவிட நேரமாகிறது. அதை இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறேன்.

பிரிட்ஜ் மட்டும் விலைபோகவில்லை. மூன்று ஸ்லாட் இடைவெளி, கறுப்பு நிறம், ஒரு கீறல் இல்லை. கடை மேசை டிராயரில் ஸ்டேப்லர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் தி.நகருக்கு அனுப்பமாட்டேன்.